வேட்டைக்குப் போற பேராண்டிக்கு

ஏம்ப்பா பேராண்டி, பொங்கலுக்கு ஊருக்கு வர்ற சாக்குல கூட்டாளிங்களோட வேட்டைக்குப் போவப்போறியாம். மார்கழிப் பனியிலே கை வெறைக்காம இருக்க தாத்தாகிட்ட ஏதாவது வழி இருக்கான்னு உங்கம்மாகிட்ட கேட்டியாம். நேரா எனக்கே போன் போட்டிருக்கலாம். போட்டா சிரிப்பேன்னு பயந்துட்டே. பயந்தது சரிதான்.

சிரிச்சு முடிச்சுட்டேன். இனிமே கேளு.

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் மார்கழி தையிலே விடியக்காலைக் குளிரு 20 டிகிரியைச் சுத்தித்தான் நிக்கும். என்னைக்காவது ஒண்ணு ரெண்டு கொறையும். நீ மெட்ராசுல ஆபீஸ் ஏசியை எத்தனையிலே வச்சிக்கினு வேலை பாக்கறே? அதைவிட நம்ம ஊரு மார்கழி சூடுதான். அந்த ஏசியிலே நாள்பூரா பொட்டி தட்டறப்போ வெறைக்காத கை, வரப்புல நின்னா மட்டும் வெறைக்குமாம். கை விரலு 15 டிகிரிக்குக் கீழே இறங்கினாத்தான் பொத்தான் போட வராது, முடிச்சு அவிழ்க்க வராது, சாவி பிடிக்க வராதுன்னு குளிரு தேசத்துல ஆராய்ச்சி பண்ணவங்க சொல்லியிருக்காங்க. சும்மா கெடக்கிற காத்து உன் விரலை அந்தப் பள்ளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது. ஈரமும் வேகக் காத்தும் ஜோடி சேரணும்.

அந்த ரெண்டையும் நீதான் வெத்தலை பாக்கு வச்சு அழைச்சிக்கினு வர்றே. விடியறதுக்கு முன்னாடி பெருங்களத்தூர்ல பைக்கை எடுத்து, செங்கல்பட்டு, மதுராந்தகம்னு பனிக்குள்ளயே அவ்வளவு தூரம் முறுக்கிக்கினு வந்து, ஓங்கூர் தாண்டி டீக்கடையிலே நின்னா கிளாசைப் பிடிக்க முடியாதுதான். அதுக்குக் குளிரைத் திட்டறே. முப்பது கிலோமீட்டர்ல ஓட்டினா ஒரு காத்து, எண்பதுல ஓட்டினா வேற காத்து. உடம்பைச் சுத்தி நூல் கனத்துக்குச் சூடு காத்து ஒண்ணு ஒட்டிக்கினு நிக்கும். வேகம் அதை உரிச்சிக்கினே போவும், உடம்பு புதுசா சூடாக்கிக்கினே இருக்கணும். அதனாலே கை வெறைக்காம இருக்க என்கிட்ட இருக்கிற முதல் மருந்து, அரசாங்க பஸ்சு. ஜன்னலோரம் ஆள் இல்லாத சீட்டு வேணாம், நடுவுல ஒரு தடிமனான பெரியவர் பக்கத்துல உக்காரு. அந்தச் சூட்டுக்கு டிக்கெட்ல தனியா காசு போட மாட்டான்.

பைக்லதான் வருவேன்னு அடம் பிடிச்சா, பழைய தினத்தந்தியை நாலா மடிச்சு சட்டைக்குள்ள நெஞ்சுமேல வச்சிக்கோ. கைக்குக் கேட்டா நெஞ்சுக்குச் சொல்றாரேன்னு பாக்காதே. விசயமே அங்கதான் இருக்குது.

உங்க அக்கா முண்டியம்பாக்கத்து மெடிக்கல் காலேஜ்ல படிச்சப்போ லீவுக்கு வந்து இந்தத் திண்ணையிலே உக்காந்து எனக்குப் பாடம் எடுப்பா. மனப்பாடம் ஆவறதுக்கு அவளுக்கு ஒரு ஆள் வேணும், எனக்குப் பொழுது போவணும். அவ சொன்னதை நான் நம்ம பாஷையிலே புரிஞ்சிக்கினது இது: நெஞ்சுதான் ஏரி, கை கால் விரலெல்லாம் கடைமடை. ஏரியிலே தண்ணி தளும்பினா மதகைத் திறந்து கடைமடை வரைக்கும் விடுவான். மட்டம் எறங்குதுன்னு தெரிஞ்சா முதல்ல கடைமடைக்கு அடைப்பான். உடம்பும் அதேதான். நடு உடம்புல சூடு கொறையுதுன்னு பட்டதும், விரலுக்குப் போற சின்னச் சின்ன ரத்தக்குழாயைச் சுருக்கிடுது. ஈரலும் இருதயமும் பொழைக்கணும், சுண்டு விரலு அப்புறம் பாத்துக்கலாம்னு அது கணக்கு. உள்ளங்கையிலேயும் விரல் நுனியிலேயும் சூட்டை வெளியே கொட்டறதுக்குன்னே தனியா குறுக்குக் குழாயெல்லாம் இருக்குதாம். வெயில்ல அதைத் திறந்து விடும், குளிர்ல முதல்ல அதைத்தான் மூடும். நீ கடைமடையிலே நின்னுக்கினு, வயலுக்குக் கம்பளி போத்தறேன்னா தண்ணி எங்கேருந்து வரும்? ஏரியை ரொப்புடா.

இன்னொண்ணும் சொன்னா. விரலை மடக்கி நீட்டற தசை பெரும்பாலும் முழங்கைக்குக் கீழே, முன்னங்கையிலே இருக்குதாம். விரலுக்குள்ள வெறும் கயிறும் எலும்பும்தான். சூடு உண்டாக்கற அடுப்பு அங்க கிடையாது. அதனாலே அரைக்கை பனியன் போட்டுக்கினு விரலுக்கு மட்டும் ஆயிர ரூபாய்க்கு உறை வாங்கறவனைப் பாத்தா எனக்கு மழைக்கோட்டு போட்டுக்கினு கொளத்துல எறங்கறவன் ஞாபகம் வந்தா நான் என்னா பண்றது. மணிக்கட்டை மூடு, முன்னங்கையை மூடு, காதை மூடு, வயித்துக்குச் சோத்தைப் போடு. பழைய சோறு வேணாம், அது சித்திரைக்கு. சூடா கேழ்வரகுக் கூழு, இல்ல ரெண்டு களி உருண்டை கருவாட்டுக் கொழம்போட. வெறும் வயித்துல குளிரை எதிர்க்கப் போறவன் நெருப்பு இல்லாத அடுப்புல சட்டியை வச்சிட்டுக் கொதிக்கலையேன்னு காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தக் கையுறை விசயத்துக்கு வர்றேன். கருப்புக் கலர்ல, விரலுக்கு விரல் தனித்தனியா, தோலோட ஒட்டிப் பிடிக்கிற மாதிரி வாங்கியிருக்கியாம். சினிமாவுல கொலைகாரன் போடறது. ஒட்டிப் பிடிச்சா ரத்தம் ஓட வழி இல்ல, சூடு காத்து தங்க எடமும் இல்ல. அஞ்சு விரலும் தனித்தனி அறையிலே குடித்தனம் பண்ணா அஞ்சும் தனித்தனியா நடுங்கும். கட்டை விரலை மட்டும் தள்ளி வச்சிட்டு மத்த நாலும் ஒரே பையிலே கெடக்கிற மாதிரி தைச்ச உறைதான் பனி தேசத்துல போடறாங்க. நாலும் ஒண்ணையொண்ணு ஒரசிக்கினு சூடு பகிர்ந்துக்கும். நம்ம கூட்டுக் குடும்பம்தான் பிரிஞ்சு போச்சு, விரலாவது ஒண்ணா இருக்கட்டும். உறைக்குள்ள வேர்த்துடுச்சின்னா உடனே கழட்டி ஒதறு. ஈர உறை போடறதுக்கு வெறுங்கை மேலு.

கை நெஜமாவே மரத்துப் போச்சுன்னா, அக்குள்ல வை. உன் அக்குள்ல. இல்லேன்னா ரெண்டு கையையும் விரிச்சு கெணத்து ராட்டினம் கணக்கா நல்லா சுத்து. சுத்தற வேகத்துல ரத்தம் விரல் நுனிக்கு அடிச்சிக்கினு போவும். பாக்கறவன் ஏதோ பைத்தியம்னு நெனைப்பான். வேட்டைக்கு வந்தவன்னு சொன்னாலும் அதேதான் நெனைப்பான், நஷ்டம் ஒண்ணும் இல்ல. மரத்த கையை நேரா நெருப்புல மட்டும் காட்டாதே. சுடறது தெரியாது, கொப்புளம் வந்தப்புறம்தான் தெரியும். சர்க்கரை வியாதிக்காரனுக்கு இது ரெட்டை எச்சரிக்கை. உங்கப்பனுக்கும் சேத்துத்தான் சொல்றேன். விரலு வெள்ளையா வெளிறி, அப்புறம் நீலமாகி, அப்புறம் செவந்து எரிஞ்சா, அதுவும் இந்த 20 டிகிரிக்கே அப்படி ஆனா, அது குளிரு பண்ற வேலை இல்ல, ரத்தக்குழாய் பண்ற வேலை. பொம்பளைங்களுக்கு அதிகமா வரும். என்கிட்ட வராதே, உங்க அக்காகிட்ட போ.

உன் கூட்டாளி ஒருத்தன் குளிருக்கு ஒரு தம்மு, ஒரு குவார்ட்டர் போதும்பான். இருப்பான், கூட்டத்துக்கு ஒருத்தன் கண்டிப்பா இருப்பான். பீடியோ சிகரெட்டோ, உள்ள போறப்போ விரலுக்குப் போற ரத்தக்குழாய் இன்னும் சுருங்குது. நுனியிலே நெருப்பை வச்சிக்கினு விரலைக் குளிர வைக்கிற ஒரே சாமான் அதுதான். சாராயம் அதுக்கு நேர் மாறு. தோலுக்கு அடியிலே இருக்கிற மதகையெல்லாம் திறந்து விட்டுடும். மூஞ்சி ஜிவுஜிவுன்னு சூடா இருக்கும், உள்ள ஏரி காலியாவும். குளிரு தேசத்துல குடிச்சிட்டுப் பனியிலே படுத்தவன் சிரிச்சிக்கினே செத்துப் போறது இப்படித்தான். நம்ம ஊர்ல சாவ மாட்டான், வாய்க்கால்ல விழுவான். தூக்கிக்கினு வர வேண்டியது நாங்க.

கையிலே வச்சிக்க சூடா ஏதாவது வேணும்னா, உலகத்துல மூணு தினுசு தெரியும் எனக்கு. ஜப்பான்காரன் இரும்புத் தூளு, உப்பு, கரி, கொஞ்சம் ஈரம் எல்லாம் கலந்து சின்னப் பொட்டலமா விக்கிறான். பிரிச்சதும் காத்து பட்டு இரும்பு துருப்பிடிக்கும், துருப்பிடிக்கிற சூடு மணிக்கணக்கா கையிலே இருக்கும். நம்ம மரக்காணத்து உப்புக் காத்துல வீட்டு ஜன்னல் கம்பி, சைக்கிள், கேட்டு எல்லாம் வருசம் பூரா துருப்பிடிச்சிக்கினுதான் இருக்குது, ஒருத்தனுக்கும் கை சூடாவல. அவன் அதையே பொட்டலம் கட்டிக் காசு பாத்துட்டான். ரெண்டாவது, காஷ்மீர்க்காரன் காங்க்ரி. பிரம்புக் கூடைக்குள்ள மண்சட்டி, சட்டிக்குள்ள தணல், அதைத் தொளதொள அங்கிக்குள்ள வயித்தோட அணைச்சிக்கினு நடப்பாங்க. சூடு நல்ல சூடுதான். காலமெல்லாம் வயித்துலயும் தொடையிலயும் தோலு வெந்து வெந்து அதே எடத்துல புத்துநோய் வந்துச்சு. எல்ம்ஸ்லின்னு ஒரு மிஷன் டாக்டர் 1866லயே அதை எழுதி வச்சிட்டாரு.

மூணாவது நம்முது. அவிச்ச வேர்க்கடலை. அடுப்புலேருந்து எறக்கினதும் தண்ணியை வடிச்சு, துணிப்பையிலே கட்டி, ரெண்டு பக்க ஜோபியிலயும் பிடி பிடியா போட்டுக்கோ. ஓட்டுக்குள்ள இருக்கிற ஈரச் சூடு சீக்கிரம் எறங்காது. கையை ஜோபிக்குள்ள விட்டுக்கினு நடந்தா ஊர் எல்லை தாண்டற வரைக்கும் தாங்கும். ஆறிப்போச்சா, உரிச்சுத் தின்னுடு, இப்ப ஏரி ரொம்பும். ஜப்பான் பொட்டலத்தை ஆறினப்புறம் திங்க முடியுமா? டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7னு நாடு பூரா வெதைச்ச கடலை ரகமெல்லாம் இந்தத் திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சிப் பண்ணையிலேருந்து போனதுதான். டி.எம்.வி.ன்னா திண்டிவனம். அந்த மண்ணுல பொறந்த அம்மாவுக்குப் பொறந்துட்டு, நீ கைக்குச் சூடு தேடி ஆன்லைன்ல பொத்தான் அமுக்கறே.

இதெல்லாம் சரி. எதை வேட்டையாடப் போறே?

முயலுன்னு சொன்னதா உங்கம்மா சொன்னா. கவுதாரியும்னு அப்புறம் மெதுவா சேத்துக்கினா. இந்த ரெண்டையும் தொடாதே. 1972லேருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்குது. 2022ல அதைத் திருத்தி 2023 ஏப்ரல்லேருந்து இன்னும் இறுக்கிட்டாங்க. மூணு வருசம் வரைக்கும் உள்ள, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். புலி கிலின்னு போனா இன்னும் மேல. அந்த முயல்ல எலும்பு போவ கறி எவ்வளவு தேறும்னு நீயே கணக்குப் போட்டுக்கோ, கம்ப்யூட்டர் படிச்சவன். பன்றின்னா பரவாயில்லையான்னு கேக்காதே. 2025 ஜனவரியிலே கவர்மெண்டு ஒரு உத்தரவு போட்டுது, உண்மைதான். காப்புக்காட்டுலேருந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால வந்து பயிரை அழிக்கிற பன்றியைச் சுடலாம். சுடறவன் காட்டிலாகாக்காரன். நீ இல்ல, உன் கூட்டாளியோட மச்சான் வச்சிருக்கிற நாட்டுத் துப்பாக்கியும் இல்ல.

கழுவேலிப் பக்கம் வாத்து அடிக்கலாம்னு எவனாவது சொன்னா அவன் சகவாசத்தையே விட்டுடு. வானூருக்கும் மரக்காணத்துக்கும் நடுவுல கெடக்கிற அந்தப் பெரிய சதுப்பு 2021ல பறவைகள் சரணாலயம் ஆச்சு, 5,151 ஹெக்டேர். 2024 ஆகஸ்டுல ராம்சார் பட்டியல்லயும் ஏறிடுச்சு. தென்னிந்தியாவுல பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்த்தண்ணி ஏரி அது. சைபீரியாவுலேருந்தெல்லாம் குளிரு தாங்காம பறந்து வர்றதுங்க. அங்க மைனஸ் டிகிரியைப் பாத்துட்டு, நம்ம மார்கழி இதமா இருக்குதுன்னு வந்து எறங்கியிருக்குது. அந்தப் பறவையை, இந்த 20 டிகிரியிலே கை வெறைக்குதுன்னு அழுவற ஒருத்தன் சுடறதா? அதுக்கே அவமானமா இருக்கும். நீ பைக்ல வர்ற வழியிலேயே வேடந்தாங்கலுக்குப் பிரியற ரோடு இருக்குது. அந்த ஊர்க்காரங்க தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க மாட்டாங்க. அவங்க முன்னோருங்க 1798லயே வெள்ளைக்காரக் கலெக்டர்கிட்ட போயி, எங்க ஏரியிலே பட்டாளத்துக்காரன் சுடக்கூடாதுன்னு உத்தரவு வாங்கினவங்க. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு எரு. அவங்க பாசத்தோட கணக்கும் தெரிஞ்சவங்க.

ஆசைக்கு வேட்டை பாக்கணும்னா கனு அன்னைக்குக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பழையசீவரம் மலைக்குப் பார்வேட்டைக்குப் போறாரு, போய்ப் பாரு. சங்கு சக்கரம் வச்சிருக்கிறவரே கொட்டு மேளத்தோட போயி, ஒண்ணையும் அடிக்காம திரும்பி வர்றாரு. அவரு கை வெறைச்சதா யாரும் சொன்னதில்ல.

இன்னொரு விசயம், இதுல நையாண்டி இல்ல. நீங்க நாலு பேரும் சுட்டுட்டு வண்டியிலே ஏறிப் போயிடுவீங்க. மறுநாள் ஏதாவது ஒரு கேஸ் எழுதணும்னா ஜீப்பு மொதல்ல எங்க வந்து நிக்கும் தெரியுமா? ஏரிக்கரை ஓரம் குடிசை போட்டிருக்கிற இருளருங்க வாசல்ல. வேட்டைன்னாலும் திருட்டுன்னாலும் அவங்க பேருதான் கைக்குக் கிட்ட இருக்குது. இந்த மாவட்டத்துல அந்தக் கதை நெறைய. திண்டிவனத்துல பேராசிரியர் கல்யாணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் ஆரம்பிச்சு கோர்ட்டும் மனுவுமா அலைஞ்சதெல்லாம் சும்மா இல்ல. உன் ஒரு நாள் குஷிக்கு இன்னொருத்தன் வாய்தாவுக்கு அலையக் கூடாது.

வேட்டை ஆடியே தீரணும்னா இந்த ஊர்ல ஒரே ஒரு வேட்டை பாக்கி இருக்குது. எலி. வரப்பெலி எந்தப் பாதுகாப்புப் பட்டியல்லயும் இல்ல. விவசாயி உனக்குக் காப்பி வாங்கிக் குடுத்துக் கூப்பிடுவான். சம்பா அறுப்பு முடிஞ்சு தாளு நிக்கிற சமயம்தான் அதுக்கு. பனி காயறதுக்கு முன்னாடி இருளருங்க வயல்ல எறங்கிடுவாங்க. வளை வாசல்ல புது மண்ணு ஈரமா தள்ளியிருந்தா ஆள் உள்ள இருக்குதுன்னு அர்த்தம். சுத்துமுத்தும் இருக்கிற மத்த வாசலையெல்லாம் மண்ணைத் திணிச்சு அடைச்சிட்டு, ஒரு வாசல்ல புகை போடுவாங்க. புகை போடறதுக்கு ஒரு மண்சட்டி, அடியிலே ஒரு ஓட்டை, உள்ள வைக்கோலும் தழையும் தணலும். சட்டி வாயை வளையிலே கவுத்து, ஓட்டையிலே வாயை வச்சு ஊதணும். ஊத ஊத உள்ள எலிக்கு மூச்சு முட்டும். வெளியே ஊதறவனுக்கும் முட்டும்.

நீ கை குளிருதுன்னு கேட்டே பாரு, அவங்களுக்கு அந்த வேட்டையிலே கை வெந்து போவும். சட்டி பழுக்கப் பழுக்க அதைப் பிடிச்சிக்கினு இருந்து விரலெல்லாம் காப்புக் காய்ச்சி, உதடு கருகி, நெஞ்சுல வருசக்கணக்கா புகை தங்கி இருமிக்கினே இருப்பாங்க. இருபது வருசத்துக்கு முன்னாடி கையாலே சுத்தி ஊதற இரும்புக் கருவி ஒண்ணு செஞ்சு வடக்கே சில ஊர் இருளருங்களுக்குக் குடுத்தாங்க. வாயும் கையும் தப்பிச்சுது. எங்க பக்கத்து வயல்ல நான் பாத்ததெல்லாம் சட்டிதான்.

புகை போட்டப்புறம் கடப்பாரையாலே வெட்டிக்கினே போவணும். வளை கோணல் மாணலா போவும், கடைசியிலே நெல்லுக் கதிரை அறை அறையா அடுக்கி வச்சிருக்கும். எலியோட அந்த நெல்லும் அவங்களுக்குத்தான், அதுதான் வழக்கம். அறையிலே கையை விட்டுத் தொழாவணும். இங்கதான் உன் வெறைச்ச கைக்கு வேலை. எலி தேடிக்கினு உள்ள போனது இருளரு மட்டும் இல்ல. நாகமும் விரியனும் அதே எலிக்குத்தான் அலையுது, பனிக் காலத்துல அந்த வளையிலேயே சுருண்டு படுத்துக்கும். விரல் நுனியிலே உணர்ச்சி இருக்கிறவன் மயிருக்கும் செதிலுக்கும் வித்தியாசம் தெரிஞ்சு கையை எடுத்துக்குவான். மரத்துப்போன விரலுக்கோ, ஆன்லைன்ல வாங்கின உறைக்குள்ள இருக்கிற விரலுக்கோ ரெண்டும் ஒண்ணுதான். கடிச்சா மந்திரிக்க எவனையும் தேடாதே, கையை ஆட்டாம முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போ. உனக்குப் போடற மருந்தும் இருளரு கையாலே வந்ததுதான். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துல வடநெம்மேலியிலே 1978லேருந்து அவங்க கூட்டுறவுச் சங்கம் பாம்பு புடிச்சு வெஷம் எடுத்து மருந்துக் கம்பெனிக்குக் குடுக்குது.

அந்தக் கைக்கு எவ்வளவு மதிப்புன்னு நமக்குத்தான் தெரியல. 2017 ஜனவரியிலே, செங்கல்பட்டுப் பக்கத்து இருளரு ரெண்டு பேரை, மாசி சடையன், வடிவேல் கோபால், அமெரிக்காவுல ஃபுளோரிடாவுக்குக் கூட்டிக்கினு போனாங்க. அங்க காட்டையே தின்னு தீர்த்துக்கினு இருந்த பர்மா மலைப்பாம்பைப் புடிக்க. அமெரிக்காக்காரன் துப்பாக்கி, நாயி, போட்டி, பரிசுன்னு என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டான். இவங்க ரெண்டு வாரத்துக்குள்ள 13 பாம்பு. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. நீ என்னடான்னா வேட்டைக்குப் போறதுக்கு முன்னாடி விரலுக்கு ஜாமீன் கேக்கறே.

வந்தேன்னா, எலி புடிக்கிற இருளரு பெரியவர்கிட்ட நான் சொல்லி வைக்கிறேன். அவரை நீ வாடா போடான்னு கூப்பிடற ஊர்க்காரன் கணக்கா கூப்பிடக் கூடாது, அய்யான்னு கூப்பிடணும். நீ வளையிலே கையை விட வேணாம். கடப்பாரையைப் பிடிச்சு அவரு காட்டற எடத்துல வெட்டு. பத்து நிமிசம் வெட்டினேன்னா சட்டையைக் கழட்டிடுவே. அன்னைக்குக் கூலியும் அவருக்கு நீதான் குடுக்கணும், அவரு வேலை நேரத்தை நீ திங்கறே.

அதுவும் ஒத்துவரலைன்னா மீனு இருக்குது. 2024ல பெஞ்சல் புயலப்போ மயிலத்துல ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர் ஊத்துச்சே, அந்த அளவுக்கு இந்த வருசம் இல்ல. இருந்தாலும் தாங்கல் வாய்க்கால்ல முட்டி மட்டும் தண்ணி நிக்குது. உங்க சித்தப்பன் ரெண்டு பக்கமும் மண்ணு அணை போட்டு எறைக்கப் போறான். எறைச்ச சேத்துத் தண்ணியிலே குனிஞ்சு ரெண்டு கையாலேயும் தடவித்தான் புடிக்கணும். குளிருன்னா அதுதான் குளிரு. அசையாத காத்தைவிட தண்ணி இருபத்தஞ்சு மடங்கு வேகமா சூட்டை உறிஞ்சும், அதனாலே சும்மா நிக்கக் கூடாது, தடவிக்கினே இருக்கணும். வெரலு வழுக்குனா விராலு. மீசை தட்டுச்சுன்னா உஷாரு, கெளுத்தியா இருக்கும், இல்லேன்னா தேளி. தேளி முள்ளு ஏறுச்சுன்னா தேளு கொட்டின மாதிரி தோள்பட்டை வரைக்கும் கடுக்கும், பேருக்கு ஏத்த மீனு.

அதுக்கு வைத்தியம் என்னா தெரியுமா? வெந்நீரு. பொறுக்கற சூட்டுல, 45 டிகிரி அளவுக்கு, கையை முக்கி வச்சிக்கணும். குத்துப்பட்ட கை சூடு தெரியாம மரத்திருக்கும், அதனாலே தண்ணியோட சூட்டை மொதல்ல மத்த கையாலே பாத்துக்கணும். அரை மணி நேரத்துலேருந்து ஒண்ணரை மணி நேரம் வரைக்கும், வலி எறங்கற மட்டும் அப்படியே உக்காந்திருக்கணும். முள்ளு உடைஞ்சு உள்ள நின்னுட்டா டாக்டரு. ஆறற வெந்நீரை மாத்தி மாத்தி ஊத்த ஆள் இருக்குது. உங்க பாட்டிகிட்ட இப்பவே சொல்லி வச்சிட்டேன், பெரிய அண்டாவைத் தேய்ச்சுக் கவுத்து வச்சிருக்கா. சனிக்கிழமை விடியக்காலம் எறைக்கிறாங்க. பழைய அரை டவுசர் ஒண்ணு எடுத்துக்கினு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்சுக்கே வந்துடு.